அல்லாஹ் தந்ததைத் திருத்துறதா?

அல்லாஹ் தந்த உடம்பை மருந்தால் திருத்தப் பார்ப்பது தவக்குலுக்கு, அல்லாஹ்வின் மேல் பொறுப்பை ஒப்படைக்கும் நம்பிக்கைக்கு, பங்கம் இல்லையா என்று ஒரு மாமி கேட்டார். அவர் கேட்டது தன் உடம்பைப் பற்றி அல்ல. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் காலையில் தவறாமல் மாத்திரை போடுகிறவர் அவர். கேட்டது மருமகளின் உடம்பைப் பற்றி.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுத பிறகு சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெண்கள் கொஞ்சப் பேர் கூடுவோம். நான் பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் படிப்பிக்கிறவள். ஆலிமா பட்டம் எடுத்தவள் இல்லை. கிதாபுகளைத் தமிழில் வாசித்துச் சொல்வேன், விளங்காத இடத்தை மௌலவியிடம் கேட்டு வந்து அடுத்த கிழமை சொல்வேன். அன்றைக்கு அந்த மருமகளும் பாயின் ஓரத்தில்தான் இருந்தாள். கட்டாரில் வேலை செய்யும் நானா அனுப்பிய ஒரு டின் அவளுடைய குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்திருக்கிறது. மாமி அதைக் கண்டுவிட்டார்.

எங்கள் கரையோரத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது, உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுத்தது. ஆகவே மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்படியில் சண்டை பிடிக்கிற வாய்ப்பு இங்கே குறைவு. ஆனாலும் இரண்டு வளவு தள்ளி இருந்தபடியே மருமகளின் மாதத்தை எண்ணுகிற திறமை எங்கள் மாமிமாருக்கு உண்டு. ரமழானில் அது இன்னும் இலகு. மற்றப் பெண்களுக்கு மாதம் வரும் நாட்களில் ஆறேழு நோன்பு விடுபடும், பிறகு அவற்றைப் பிடித்துக் கழாச் செய்வார்கள். ஒருத்தி முப்பதையும் விடாமல் பிடித்துவிட்டாள் என்றால் வேறு ஊரில் மெச்சுவார்களோ என்னவோ, இங்கே "முப்பதுமா?" என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். இருபதுகளில் நானும் முப்பதையும் பிடித்தவள். ஸ்கேன் எடுத்த டொக்டர் "நீர்க்கட்டி" என்று சொன்ன வருடம் அது.

கட்டி என்று சொல்கிறோமே தவிர அவை முற்றாமல் நின்றுபோன முட்டைப் பைகள். 1935இல் சிக்காகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரண்டு டொக்டர்மார் இதை எழுதி வைத்தார்கள். 2003இல் நிபுணர்கள் ரொட்டர்டாமில் கூடி, மூன்று அடையாளத்தில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்று வகுத்தார்கள்: மாதம் ஒழுங்கில்லாமை, ஆண் சுரப்பு கூடுதல், ஸ்கேனில் தெரியும் அந்தப் பைகள். நம் நாட்டில் கம்பஹா மாவட்டத்தில் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன உள்ளிட்ட குழு வீடு வீடாகத் தேடி, 2008இல் முடிவை வெளியிட்டது. 15 வயதுக்கும் 39க்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இருந்தது. எங்கள் விறாந்தைக்கு அந்தக் கணக்கைக் கொண்டு வந்தால், பல வெள்ளிக்கிழமைகளில் ஒருத்தியாவது இருக்கக்கூடும். வாய் திறக்கிறவள்தான் இல்லை.

இந்த வருத்தத்தில் கர்ப்பப்பை இருக்கும் இடத்துக்கு மட்டும் இல்லை, சோற்றுக் கோப்பைக்கும் பங்கு இருக்கிறது. நாங்கள் நெல் விளைகிற மாவட்டத்துக்காரர். காலையில் அரிசி மா, பகல் சோறு, இரவு மறுபடி அரிசி மா. சாப்பிட்ட சீனியைக் கலங்களுக்குள் சேர்க்க இன்சுலின் தட்டுகிறது. சிலருடைய தசைகள் அந்தத் தட்டுக்குத் திறப்பதில்லை. கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. தசை செவிடாக இருந்தாலும் சூலகம் செவிடு இல்லை, அது இந்தக் கூடுதல் இன்சுலினைக் கேட்டு ஆண் சுரப்பை அதிகம் செய்கிறது. முட்டை முற்றாது, மாதம் தள்ளும், தாடையில் முடி வரும், பின் கழுத்து கறுக்கும். அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேசிக்காயும் உப்பும் போட்டு மகளின் கழுத்தைத் தோல் கழலத் தேய்த்த உம்மாமாரை நான் அறிவேன்.

டின்னில் இருந்தது மயோ இனோசிட்டோல். வெள்ளைத் தூள், நாக்கில் வைத்தால் மெல்லிய இனிப்பு, வாசம் கிடையாது. தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கினால் கொஞ்ச நேரம் கலங்கி நின்று பிறகு தெளியும். காலையில் 2 கிராம், இரவில் 2 கிராம், கூடவே போலிக் அசிட் என்பது வழக்கமான அளவு. இது ஏதோ வெளிநாட்டு விஷம் என்று மாமி நினைத்தார். எங்கள் சிறுநீரகங்களே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 கிராம் இதைச் செய்கின்றன. தோடம்பழத்தில், பயற்றில், தவிட்டில், கச்சானில் உண்டு. இன்சுலின் வெளியில் தட்டுவதைக் கலத்தின் உள்ளே எடுத்துச் சொல்கிற வேலையில் இதற்குப் பங்கு இருக்கிறது. வெளியிலிருந்து கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சொல்வது சரியாகக் கேட்குமோ என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். "ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை" என்ற பொருளில் வரும் ஹதீஸைச் சொல்லிப் பேச்சை முடித்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நாட்டுப்புறத்து அரபிகள் வந்து "நாங்கள் மருந்து செய்யலாமா?" என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்யச் சொன்னதும், முதுமை ஒன்றைத் தவிர எல்லா வருத்தத்துக்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னதும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அதைச் சொன்னேன். மாமி தலையாட்டினார், பிறகு, "அது வருத்தத்துக்குகா. இது வருத்தமா? அவ நல்லாத்தானே இரிக்கா. அல்லாஹ் புள்ளயக் குடுக்கிற நேரம் குடுப்பான். அவன்ட நாட்டத்தத் திருத்துறதா?" என்றார்.

இது சும்மா தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஷூரா அத்தியாயத்தில் அல்லாஹ் தான் நாடியவருக்குப் பெண் மக்களையும், நாடியவருக்கு ஆண் மக்களையும், சிலருக்கு இரண்டையும் கொடுப்பதாகவும் சிலரைப் பிள்ளையில்லாதவராக ஆக்குவதாகவும் சொல்கிறான். அதை வாசித்தவர்தான் கேட்கிறார். அவருக்கு என்னிடம் இருந்த நல்ல பதில் இமாம் கஸ்ஸாலியுடையது. 1111இல் மௌத்தான மனுஷர், இனோசிட்டோலும் தெரியாது, இன்சுலினும் தெரியாது. ஆனால் இஹ்யா என்ற தன் பெருநூலின் முப்பத்தைந்தாவது பகுதியில், தவ்ஹீதையும் தவக்குலையும் பற்றி எழுதிய இடத்தில், தீங்கைப் போக்கும் காரணங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

முதலாவது மக்தூஉ, உறுதியானது. தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி. இதை விடுவது தவக்குலில் சேராது, உயிருக்குப் பயம் வரும் நேரத்தில் விடுவது ஹராம். இரண்டாவது மழ்னூன், பெரும்பாலும் பலன் தரும் என்று கருத இடமுள்ளது. இரத்தம் குத்தி எடுப்பதும் வைத்தியர் கொடுக்கும் மருந்துகளும் இதில் வரும். இதைச் செய்வது தவக்குலுக்கு முரண் இல்லை, விடுவதும் குற்றம் இல்லை. மூன்றாவது மவ்ஹூம், பலன் தரும் என்பது வெறும் எண்ணம். தவக்குல் வேண்டுமென்றால் இதை விட்டுவிட வேண்டும் என்கிறார். இந்த மூன்றாவதில் அவர் வைத்த உதாரணங்கள்தான் விறாந்தையைச் சத்தமில்லாமல் ஆக்கின. சூடு வைப்பது ஒன்று. ஓதிப் பார்ப்பிப்பது இன்னொன்று.

கேள்வி கணக்கில்லாமல் சொர்க்கம் போகும் எழுபதாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸை வைத்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஓதிப் பார்க்கச் சொல்லிக் கேட்காதவர்கள், சூடு வைக்காதவர்கள், சகுனம் பார்க்காதவர்கள், தங்கள் ரப்பின் மேல் தவக்குல் வைப்பவர்கள் என்று அது எண்ணுகிறது. ஓதிப் பார்ப்பது கூடாது என்று கஸ்ஸாலி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நபியவர்கள் தங்கள் மேல் ஓதி ஊதிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். துஆவின் இடம் வேறு, அது காரணங்களின் வரிசையில் வைத்து நிறுக்கிற பொருள் இல்லை. எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான். நம்முடைய ஊரில் வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு பெண் பாமசியில் பவுடர் வாங்கினால் தவக்குல் எங்கே என்று கேட்கிறோம். அவளையே கூட்டிக்கொண்டு போய் ஒரு லெப்பையிடம் நூல் கட்டினால், தண்ணீர் ஓதிக் குடிப்பாட்டினால், ஜின் இருக்கிறதா என்று பார்ப்பித்தால் அது ஈமானாகிவிடுகிறது. தவக்குலைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில் பிள்ளை வரம் கேட்டு நேர்ச்சை வைக்கிற பெண்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதை ஷிர்க், இணைவைத்தல் என்று சத்தம் போடுகிறவர்களில் சிலரே கறுப்பு மூடி போத்தலில் கருஞ்சீரக எண்ணெய் விற்கிறார்கள், அது நீர்க்கட்டியைக் கரைக்கும் என்றும் சொல்கிறார்கள். மரணத்தைத் தவிர மற்றதற்கெல்லாம் கருஞ்சீரகம் மருந்து என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருப்பது உண்மை. அந்தச் சொல் பொதுவாக வந்தாலும் சில வகை வருத்தங்களையே குறிக்கும் என்று விளங்கிய பழைய உரையாசிரியர்கள் இருந்ததும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையைப் போத்தலில் ஒட்ட இடம் போதாமல் போயிருக்கும்.

சிக்கஞ்சபீன் பற்றி கஸ்ஸாலி சொல்வது எனக்கு இன்னும் பிடித்தது. தேனும் காடியும் சேர்த்துக் காய்ச்சுகிற பானம் அது, பித்தத்துக்குக் கொடுப்பார்கள். தண்ணீர் தாகத்தைத் தணிப்பதைப் போலவே சிக்கஞ்சபீன் பித்தத்தைத் தணிக்கிறது என்கிறார். ஆனால் இரண்டு வித்தியாசம். தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், இது சிலருக்குத்தான் தெரியும். அடுத்தது, மருந்து வேலை செய்ய உடம்பின் உள்ளே வேறு நிபந்தனைகள் இருக்கின்றன, அவை எல்லாவற்றையும் மனிதரால் அறிய முடிவதில்லை, அதனால் சில வேளை மருந்து தப்பிப்போகிறது. ஒரே பவுடர் ஒருத்திக்கு மாதத்தை ஒழுங்காக்குகிறது, அடுத்த வீட்டுக்காரிக்கு ஒன்றும் செய்யாமல் போகிறது. ஏன் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

அதே இடத்தில் பனூ இஸ்ராயீல் காலத்துக் கதை ஒன்றையும் எடுத்துப் போடுகிறார். மூஸா (அலை) வருத்தமாகப் படுத்திருக்கிறார். வந்தவர்கள் ஒரு மருந்தைச் சொல்கிறார்கள். மருந்தில்லாமலே ரப்பு சுகப்படுத்தட்டும் என்று அவர் மறுத்துவிடுகிறார். வருத்தம் நீண்டுகொண்டே போகிறது. அவர்கள் சொன்ன மருந்தைப் போடும்வரை சுகம் தரமாட்டேன் என்று இறைவனிடமிருந்து பதில் வருகிறது. என் மேல் வைத்த தவக்குலைக் கொண்டே என் ஞானத்தை நீ வீணாக்கப் பார்க்கிறாயா, செடிகொடிகளில் பலனை வைத்தவன் யார் என்று கேள்வியும் கூடவே வருகிறது. ஹதீஸின் பலம் இதற்குக் கிடையாது. ஆனால் மாமிக்கு அந்தக் கதை பிடித்தது. நாட்டத்தைத் திருத்துவது என்று அவர் எதைச் சொன்னாரோ அதுவும் நாட்டத்துக்குள்தான் கிடக்கிறது என்று விளங்கிக்கொண்டார் போல.

அப்போது பாயின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி வேறொன்றைக் கிளப்பினார். காக்காய் வலிப்பு வந்த அந்தக் கறுத்தப் பெண் ஸபுர் செய்தாவே, சொர்க்கம் கிடைத்ததே, அது என்ன?

நல்ல இடத்தில் பிடித்தார். புகாரியில் இருக்கிறது அது. தனக்கு வலிப்பு வருகிறது, விழும்போது உடம்பு திறந்துபோகிறது, துஆச் செய்யுங்கள் என்று நபியிடம் கேட்டுக்கொண்டு வருகிறார் அந்தப் பெண். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் சுகத்துக்காக துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் முன்னால் வைக்கிறார்கள். பொறுக்கிறேன் என்கிறார் அவர். ஆனால் உடம்பு திறந்துபோகாமல் இருக்க துஆச் செய்யுங்கள் என்று அதையும் சேர்த்துக் கேட்கிறார். நபியவர்கள் செய்கிறார்கள்.

இந்த ஹதீஸைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். அதில் வேறொருவர் அந்தப் பெண்ணுக்காகப் பொறுமையைத் தேர்ந்து கொடுக்கவில்லை. அவருடைய மாமி, மாப்பிள்ளை, அண்டை அயல் எவரும் அந்தப் பேச்சில் இல்லை. நோவைத் தாங்குகிறேன் என்ற அதே வாயால் வெட்கத்தைத் தாங்கமாட்டேன் என்றும் சொல்கிறார், அதை எவரும் ஈமான் குறைவாக எடுக்கவில்லை. தாடை முடியைப் பறித்துப் பறித்துப் புண்ணாக்கிக்கொண்டு, முகத்திரையை அதற்காகவே இன்னும் மேலே இழுத்துவிடுகிற ஒரு பிள்ளைக்கு இந்த ஹதீஸின் இரண்டாவது பாதியை நாங்கள் சொல்லிக் கொடுப்பதே இல்லை. முதல் பாதியைச் சொல்லி ஸபுர் ஸபுர் என்கிறோம். நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இருக்கவில்லை. தன் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டார். அந்த வீட்டில் அவருடைய அந்தஸ்து ஒரு நூல் குறையவில்லை. இதையும் சொல்கிறோமா?

பெண்கள் இதைப் பேச வெட்கப்படுவது தீனிலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் ஒருவரே போதும். இரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, தொழுகையை விட்டுவிடவா என்று நபியவர்களிடம் நேரடியாக வந்து கேட்டார். அது ஹைழ் (மாதவிடாய்) இல்லை, ஒரு நரம்பிலிருந்து வருவது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. பாவம் என்றோ, கண்ணேறு என்றோ, ஜின் என்றோ அல்ல. உடம்பில் ஓர் இடத்தைக் காட்டிப் பதில். நம்முடைய ஷாபிஈ மத்ஹபு அதன் மேல் கணக்குகளைக் கட்டியிருக்கிறது. ஹைழ் குறைந்தது ஒரு பகலும் இரவும், கூடினால் 15 நாள். இரண்டு ஹைழுக்கு இடையில் சுத்தம் குறைந்தது 15 நாள், கூடுதலுக்கு எல்லையே இல்லை. நாலு மாதம் வராவிட்டாலும் தீனில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தொழுதுகொண்டே போகலாம். நீர்க்கட்டிக்காரிக்குச் சிக்கல் மற்றப் பக்கத்தில்தான். நாலு மாதம் கழித்து வந்தால் இருபது நாள் நிற்காமல் போகும். அப்போது எது ஹைழ், எது ஹைழ் அல்லாத இஸ்திஹாழா இரத்தம், எந்த நாளிலிருந்து குளித்துத் தொழுவது? நிறம் கடுமையா இலேசா, போன தடவை எத்தனை நாள் என்று கிதாபு கேட்கும். கிளினிக்கில் டொக்டர் கேட்பதும் அச்சொட்டாக அதே கேள்வி. அதனால் எங்கள் விறாந்தைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு சின்னக் கொப்பி போடச் சொல்லியிருக்கிறேன். தொடங்கிய தேதி, நின்ற தேதி, நிறம். மௌலவிக்கும் அதே கொப்பி, டொக்டருக்கும் அதே கொப்பி.

ஜெலட்டின் கேள்வியும் வரும், நீட்ட விரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் கூட்டு மாத்திரைகளின் ஓட்டில் உள்ள ஜெலட்டின் எந்த மிருகத்துடையது என்று போத்தலில் இருக்காது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி பன்றி ஜெலட்டின் உணவில் கூடாது என்றது. 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கு, பொருள் முற்றாக மாறிவிட்டால் சுத்தமாகிவிடும் என்றது. நம் மத்ஹபு பொருள் மாற்றத்தை அவ்வளவு இலேசாக ஏற்பதில்லை. பவுடராகவே கிடைக்கிற ஒன்றுக்கு இந்தச் சண்டை எதற்கு? ஒரு தங்கச்சி ஓட்டை இரண்டாக இழுத்துத் தூளைக் கோப்பையில் தட்டிவிட்டு ஓட்டைக் குப்பையில் போடுவாள். நோன்பு காலத்திலும் கஷ்டமில்லை. ஒன்று நோன்பு திறந்த பிறகு, ஒன்று சஹருக்கு.

கஸ்ஸாலியின் அந்த மூன்று வகைக்குத் திரும்பினால், இனோசிட்டோலை எதில் வைப்பது? இதற்கு விளம்பரக்காரனைக் கேட்கக் கூடாது. அவன் உறுதி என்பான். மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி இதில் நேர்மையாக இருக்கிறது. இனோசிட்டோலால் தீங்கு குறைவு, சீனி, கொழுப்பு சம்பந்தமான அளவுகளில் கொஞ்சம் நன்மை வரலாம், முட்டை வெளிவருவதிலோ முடியிலோ எடையிலோ கண்ட பலன் மட்டுப்பட்டதுதான், பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்து யோசிக்கலாம் என்கிறது. இந்த வகை, இந்த அளவு என்று சிபாரிசு செய்யப் போதிய தரமான ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. ஆனால் சில டின்களில் இரண்டு வகை இனோசிட்டோலைக் கலந்த 40க்கு 1 என்ற விகிதத்தைப் பொன்னெழுத்தில் போட்டு அதற்குத் தனி விலை வைத்திருக்கிறார்கள். முடிக்கும் வயிற்றுப் பருமனுக்கும் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போமினை முதலில் யோசிக்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி. அது வயிற்றைக் கலக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

ஆகவே இரண்டாவதின் கீழ் ஓரம், மூன்றாவதுக்குக் கிட்ட. நான் அங்கேதான் வைக்கிறேன். எதை விழுங்குகிறோம் என்பதில் இல்லாத தவக்குல், அதன் மேல் எவ்வளவு நம்பிக்கையை ஏற்றி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தண்ணீருக்குரிய நம்பிக்கையைப் பவுடருக்குக் கொடுத்தால் அது தவறு. பவுடர் விற்கிறவன் செய்வது அதைத்தான். வெறும் எண்ணத்துக்கு உறுதியின் இடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டம் வேறு விதமாகவும் கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த ஒரு கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கூட்டம் கூடியது. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னது, அது மாச்சத்துக் கட்டி. கறியில் கலந்து கொடுத்து ஒருவரை மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அந்த நேரத்தில் இந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகளில் பெண்கள் பிள்ளைக்காக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தக் கூட்டத்துக்கு யார் சொல்வது.

மாமிக்கு அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பரிசோதனை என்று வந்தால் முதலில் மகனையும் அனுப்பலாம். அதற்குத் தவக்குல் இடைஞ்சலாக வருமோ தெரியவில்லை. மருமகள் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். அடுத்த கிழமை தனியாகச் சொன்னேன். முகம் சுண்டினார், ஆனால் எழும்பிப் போகவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை, இனி எதிர்பார்க்கிற வயதும் இல்லை. அப்படியிருந்தும் போன ரமழானுக்கு முன் நானும் அந்தப் பவுடரைத் தொடங்கினேன். "இந்த வயசில என்னத்துக்கு?" என்று கேட்காதவர் இல்லை. பிள்ளைக்காக என்றால் எங்கள் ஊர் எதையும் மன்னிக்கும். ஒரு பெண் தன் உடம்புக்காகவே ஒன்றைச் செய்வது இன்னும் விளங்காத விஷயம். இந்த வருத்தம் மாதம் நின்ற பிறகும் நிற்பதில்லை, சீனி வருத்தமாக வந்து உட்காரலாம். உம்மாவுக்கு அப்படித்தான் வந்தது, பாதத்தில் புண்ணோடு கடைசி வருடங்களைக் கழித்தார். உடம்பு அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேனே, அமானிதத்துக்குப் பிள்ளை பெறும் வயது என்று ஓர் எல்லை இருப்பதாக எந்தக் கிதாபிலும் காணவில்லை.

எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இலகுவானது. ஹஜ்ஜுப் பெருநாள் தாண்டி இரத்தம் சோதிப்பது, அசைந்திருந்தால் தொடர்வது, இல்லையென்றால் விடுவது. மூன்று மாதச் சீனிக் கணக்கு 6.1இல் இருந்தது. பெருநாளுக்குப் பிறகு எடுத்தபோது 6.2. கிளினிக்கில் டொக்டர் மெட்போமின் எழுதினார். டின்னில் மிஞ்சியதை மூடி வைத்துவிட்டேன், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுகிறேன், பின்னேரம் கடற்கரையில் நடக்கிறேன். அந்த மருமகளுக்கு மாதம் இப்போது முப்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று அவளுடைய கொப்பி சொல்கிறது. சோற்றையும் குறைத்திருக்கிறாள், அதனாலும் இருக்கலாம்.

செய்தி மாமிக்கு எட்டியிருந்தது. வகுப்பு முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தப் பவுடர் பொய்யாகா?"

"பொய்யில்ல மாமி. எனக்குச் சரிவரல்ல. அவக்கு வேல செய்யிது போல."

"போலயா?"

"போலதான்."

"சீனி வருத்தத்துக்கு எனக்கு எழுதித் தந்திரிக்கிறதும் அப்படித்தானா?"

அது கொஞ்சம் மேலே, மழ்னூனின் மேல் ஓரத்தில் இருக்கிறது, விடவேண்டாம் என்றேன். செருப்பு கிடைத்தது. அடுத்த கிழமை மகனின் றிப்போட்டைக் கொண்டு வந்தால் நான் வாசித்துச் சொல்வேனா என்று கேட்டுவிட்டுப் போனார்.